மாணவராக ஆவணப்படம் எடுத்தபோது என்ன தவறுகள் செய்தீர்கள்? அவற்றிலிருந்து என்ன கற்றீர்கள்?

கல்லூரி இறுதியாண்டில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து 11 நிமிட ஆவணப்படம் ஒன்றை எடுத்தோம். கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரைப் பற்றியது. செய்த தவறுகளை எழுதினால் படத்தைவிட நீளும். ஆனால் எங்களைக் கவிழ்த்தது ஒன்றுதான்: நால்வரும் பார்த்துக்கொண்டே இருந்தோம், ஒருவரும் காது கொடுக்கவில்லை.

கடைச் சுவர் முழுக்க ஊசல் கடிகாரங்கள். கேமராத் திரையில் அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவரை அந்தச் சுவருக்கு முன்னாலேயே உட்கார வைத்தோம். சட்டையில் மைக்கைக் குத்தினோம், பதிவைத் தொடங்கினோம். ஹெட்போன் கொண்டுபோயிருந்தோம்; அது பையிலேயே இருந்தது.

படத்தொகுப்புக்கு உட்கார்ந்தபோதுதான் வினை தெரிந்தது. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள ஊசல் வினாடிக்கு ஒருமுறை தட்டும். ஊசல் குட்டையானால் வேகம் கூடும். சுவரில் எல்லா அளவிலும் இருந்தன. பெரியவர் பேச்சில் ஒரு சொல்லை வெட்டி எடுத்தால், டக்... டக்... என்று சீராகப் போய்க்கொண்டிருந்த தாளம் அந்த இடத்தில் இடறி விழும். படத்தில் தெரியும் வெட்டை அவருடைய கைகளின் அண்மைக் காட்சியை வைத்து மறைத்துவிடலாம். காதில் விழும் வெட்டை எதை வைத்து மறைப்பது? இரைச்சல் நீக்கும் மென்பொருளை ஓடவிட்டோம். மின்விசிறி போன்ற ஒரே சீரான ஓசையை அது ஓரளவு எடுத்துவிடும். தட்டும் ஓசையை எடுக்கப் போய் பேச்சிலிருந்த 'ட'வும் 'க'வும் சேர்ந்து மழுங்கின. பெரியவர் தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்து பேசுவதுபோல் ஆயிற்று.

இந்தப் பழியையாவது கடிகாரத்தின் மேல் போடலாம். என் குரல் செய்த கெடுதலுக்கு யார் மேல் பழி போடுவது? அவர் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் "ம்... ஆமாம்... அப்படியா" என்று நான். ஓரிடத்தில் அவர், "அப்பா இறந்த அன்றைக்கும் சாயங்காலம் கடையைத் திறந்தேன்" என்று சொல்லி நிறுத்தினார். மௌனம். இரண்டு வினாடிதான். எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை கடிகாரம் பார்ப்பீர்கள் ஐயா?" என்று கேட்டுவிட்டேன். அவரும் மரியாதையாக எண்ணிக்கையைச் சொன்னார். ஏன் திறந்தார் என்பது எங்கள் படத்தில் இல்லை. அந்த இரண்டு வினாடியை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

அன்று முதல், கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் அசைப்பேன். பதில் முடிந்ததாகத் தோன்றினால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவேன். நல்ல பதில்கள் பெரும்பாலும் அந்த ஐந்துக்குள்தான் வருகின்றன.

மற்ற தவறுகளெல்லாம் சில்லறை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 வினாடியில் வைக்காமல் குழல்விளக்கைத் துடிக்க விட்டோம். ஷாட்டைப் பத்து வினாடி நிலையாகப் பிடிக்காமல் கேமராவை அலையவிட்டோம். மெமரி கார்டை இரண்டு இடத்தில் நகலெடுக்கும் முன்பே அழிக்கப் பார்த்தோம். கடைசி நொடியில் ஒருவன் கையைத் தட்டிவிட்டான். இவற்றை எந்தக் கையேட்டிலும் படித்துக்கொள்ளலாம்.

வேறு வழியில்லாமல் மறுபடியும் அவரிடம் போய் நின்றோம். இந்த முறை ஒருவனுக்கு வேலையே ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். ஒலி சிதையாதபடி, பதிவு அளவுகாட்டியில் குரலின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டான். முதலில் எல்லோரும் மூச்சடக்கி, கடிகாரங்களின் ஓசையை மட்டும் தனியாகப் பதிவு செய்தோம். பிறகு தயங்கித் தயங்கி, "பேசும் நேரம் மட்டும் இவற்றை நிறுத்தலாமா ஐயா?" என்று கேட்டோம். "இதை அன்றைக்கே கேட்டிருக்கலாமே தம்பி" என்று எழுந்து, ஒவ்வொரு ஊசலாக இரண்டு விரலால் பிடித்து நிறுத்தினார். அமைதியில் எடுத்த பேச்சை இஷ்டப்படி வெட்டி ஒட்டி, அடியில் அந்தத் தனி ஓசையை முறியாமல் ஓடவிட்டோம். படம் பார்த்த யாரும் அன்று கடிகாரங்கள் நின்றிருந்தன என்று நம்பவில்லை.

நேர்காணல் முடிந்தது. கட்டிப் பிடிக்காத குறையாக நன்றி சொல்லிவிட்டுச் சாமான்களை மூட்டை கட்டினோம். அவர் ஸ்டூலைப் போட்டு ஏறினார். முதல் கடிகாரத்தின் முள்ளை நகர்த்தினார். மணி அடிக்கும் இடம் வந்ததும் அது அடித்து முடியும்வரை காத்திருந்து மேலே நகர்த்தினார். ஊசலை விரலால் மெல்லத் தள்ளிவிட்டு, கண்ணை மூடிப் பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டார். டிக்குக்கும் டாக்குக்கும் இடைவெளி சமமாக இல்லை போலும். பெட்டியை ஒரு நூல் இடப்பக்கம் சாய்த்தார். மறுபடியும் காதை வைத்தார். இப்படியே ஒவ்வொன்றாக, சுவர் முழுக்க, அரை மணி நேரம்.

நாங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கேமரா பையில் இருந்தது.