கொலை நடந்த வீட்டை வாங்கலாமா? வக்கீலின் பதில்கள்

இருபது வருடமாக வீட்டுப் பத்திரங்களைப் பார்த்து லீகல் ஒப்பீனியன் எழுதுகிறவன் நான். கொலை, தற்கொலை நடந்த வீடுகளைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்ததில் பாதிக்கு மேல் பேய்க் கேள்வி. அவை பின்னால்.

திருச்சி வாசகர்: தனி வீடு. வழிகாட்டி மதிப்பு 60 லட்சம், 42 லட்சத்துக்குத் தருகிறார்கள். ஆறு வருடம் முன்பு கணவர் மனைவியை அங்கேயே கொன்றுவிட்டாராம். வீடு அந்த அம்மா பெயரில். வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது. வாங்கலாமா?

விற்பது யார் என்று எழுதவே இல்லையே சார்! அதுதான் முதல் கேள்வி.

வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் வரும். கொலை வராது. இறப்புச் சான்றிலும் வராது. சாவுக்கான காரணத்தை அதில் குறிப்பிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. வாரிசுச் சான்றில் கணவர், பிள்ளைகள் என்று வரிசையாகப் பெயர் இருக்கும். அதை நம்பி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினால் போதும் என்று நினைக்கிறோம்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 25: கொலை செய்தவருக்கும் உடந்தையாக இருந்தவருக்கும் கொல்லப்பட்டவரின் சொத்தில் பங்கில்லை. பிரிவு 27 அவரை முன்பே இறந்துபோனவராகக் கணக்கில் வைக்கிறது. அப்பாவைக் கொன்ற மகனின் மனைவி, கணவர் வழியாகப் பங்கு கேட்ட வழக்கு ஒன்று தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005இல் அவருக்கும் இல்லை என்று தீர்ப்பானது. ஆக, உங்கள் விஷயத்தில் கணவர் போடும் கையெழுத்துக்கு மதிப்பில்லாமல் போகலாம். வழக்கு இன்னும் நடக்கிறது என்றால், அவருக்குப் பங்கு உண்டா இல்லையா என்பதே முடிவாகவில்லை.

உயில் இல்லையென்றால், அவர் விலகிய பின் வீடு பிள்ளைகளுடையது. மைனர் சொத்தை அப்பாவே விற்றாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் விற்றால், பிள்ளை 18 வயதான பின் மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டு கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம். தாத்தா, மாமா என்றால் இன்னும் மோசம். நீதிமன்றம் கார்டியனாக நியமிக்காத வரை அவர்களுக்கு விற்கிற அதிகாரமே இல்லை.

ஒரு தடவை எனக்கு வந்த பவர் பத்திரத்தைத் திருப்பிப் பார்த்தேன். எழுதிக் கொடுத்தவரைப் பதிவு அதிகாரி சிறைக்கே போய் விசாரித்ததாகப் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு குறிப்பு. வாங்க வந்தவர் ஜெராக்ஸில் முன்பக்கத்தை மட்டும்தான் எடுத்து வைத்திருந்தார். பின்பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுங்கள் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

விலை மலிவு என்ற சந்தோஷத்துக்கும் செலவு உண்டு. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பது 60 லட்சத்துக்குத்தான் கணக்கு. முத்திரைச் சட்டத்தின் 47ஏ பிரிவில் மதிப்பைக் குறைக்கக் கேட்டால் பத்திரம் பெண்டிங்கில் கிடக்கும். வருமான வரியில், வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த 18 லட்சமும் உங்கள் வருமானமாகிவிடும். மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பச் சொல்லி வாதாடலாம், அலைச்சல்தான்.

வாரிசுச் சான்றைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

மதுரை வாசகி: கொன்றவர், இறந்தவர் இருவருமே வாடகைக்கு இருந்தவர்கள். ஓனருக்குச் சம்பந்தமில்லை.

அப்படியானால் டைட்டிலுக்கு, அதாவது ஓனரின் உரிமைக்கு, ஒன்றுமில்லை அம்மா. விலையும் உங்கள் மனசும்தான்.

சேலம் வாசகர்: அவிட்டத்தில் இறந்தால் ஆறு மாதம் வீட்டை அடைப்பார்கள். கொலைக்கு எத்தனை மாதம்?

ஜோசியரிடம் கேளுங்கள்.

கோவை, வீட்டுத் தரகர்: எல்லா வீட்டிலும் யாரோ ஒருத்தர் செத்துத்தான் இருப்பார். சொல்லியே ஆகணும் என்றால் எங்கள் பிழைப்பு என்னாவது?

தாத்தா கட்டிலில் போனதும் கழுத்தறுத்ததும் ஒன்றா தம்பி? சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 55: வாங்குபவர் சாதாரண கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். அதில் ‘கொலை’ என்ற சொல் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேரே கேட்டபோது “அப்படி ஒன்றும் நடக்கல சார்” என்று பொய் சொன்னால் மோசடி.

கலிபோர்னியாவிலிருந்து ஒருவர்: இங்கே மூன்று வருடம் தாண்டினால் சொல்ல வேண்டாம்.

பாதியைச் சொல்லியிருக்கிறீர்கள். அங்கேயும் நேரே கேட்டால் பொய் சொல்லக் கூடாது. அந்தச் சட்டத்துக்கு முன்பு 1983இல் உங்கள் மாநிலத்திலேயே ஒரு வழக்கு: ஒரு பெண்ணும் நான்கு குழந்தைகளும் கொல்லப்பட்ட வீடு, பத்து வருடம் கழித்து 76,000 டாலருக்கு விற்றார்கள். அதன் மதிப்பு 65,000தான், மறைத்துவிட்டார்கள் என்று வாங்கியவர் வழக்குப் போட்டார். வழக்கு நிற்கும் என்றது நீதிமன்றம். பென்சில்வேனியாவில் 2014இல் இதற்கு நேரெதிர்: கொலை, தற்கொலை முக்கியக் குறையே அல்ல. ஜப்பான் 2021இல் வழிகாட்டுதல் போட்டது. வாடகைக்கு என்றால் சுமார் மூன்று வருடம் தாண்டினால் சொல்ல வேண்டாம், விற்பனைக்குக் கால வரம்பு சொல்லவில்லை.

அதே தரகர்: அப்போ நீங்களே சொல்றீங்க, ஊருக்கு ஊர் வேற வேற!

அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். அட்வான்ஸுக்கு முன்னால், வாட்ஸ்அப்பில், எழுத்தில். பதிலை அக்ரிமெண்டிலும் ஒரு வரி சேருங்கள். இதற்கு மேல் உங்களோடு வாதம் இல்லை.

நெல்லை வாசகர்: குற்றவாளி தலைமறைவு. வாங்கலாமா?

வேண்டாம். தேடப்படுபவரின் சொத்தை நீதிமன்றம் ஜப்தி செய்யலாம் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 83, அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 85). நீதிமன்ற வழக்குகளைத் தேடும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

கணபதி ஹோமம் செய்தால் போதுமா என்று கேட்ட ஏழு பேருக்கு: செய்யுங்கள். வாரிசுச் சான்று பார்த்த பிறகு.

தாம்பரம் வாசகர்: வில்லங்கம் போட்டேன், சுத்தம். வாங்கலாமா?

முதல் பதிலைப் படிக்காமலே கேட்கிறீர்கள். படியுங்கள்.

செங்கல்பட்டு வாசகர்: எங்களுடையது கிறிஸ்தவக் குடும்பச் சொத்து.

நான் மேலே சொன்னது இந்துக்களுக்கான சட்டம். உங்களுக்கு வேறு. பத்திரத்தோடு உள்ளூர் வக்கீலைப் பாருங்கள்.

திருச்சி வாசகர், மறுபடி: வாரிசுச் சான்று பார்த்தேன் சார். கணவர், மகள், மகன். மகளுக்கு இப்போது 19, மகனுக்கு 14. கணவர் ஆயுள் தண்டனையில் இருக்கிறார். மகள் கையெழுத்துப் போடுகிறாள். மகனுக்காக அம்மாவின் அண்ணன் போடுகிறார். நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லை.

மகளின் கையெழுத்து அவள் பாதிக்கு மட்டும். மாமா கையெழுத்தை நம்பி மீதிப் பாதியை வாங்க முடியாது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா?