விஆரில் சேர்ந்து ஆடும்போது தலை சுற்றினால்

வணக்கம். தங்கையுடன் விஆரில், அதாவது கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டு நுழையும் மெய்நிகர் உலகில், ஓடும் விளையாட்டு ஆடினால் 10 நிமிடத்திலேயே தலை சுற்றுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கையிலிருக்கும் குமிழைத் தள்ளி ஓடும்போது நகர்கிறோம் என்கிறது கண், இல்லை என்கிறது உடலின் சமநிலையை உணரும் உட்காது. தலைச்சுற்றலும் குமட்டலும் அதனால்தான். நின்ற இடத்திலேயே கை வீசும் ஆட்டத்துக்கு மாறிப் பாருங்கள். பீட் சேபர் என்ற விஆர் விளையாட்டில் 2020 முதல் 5 பேர் வரை சேர்ந்து ஆடலாம்; எதிரே வரும் கட்டைகளை வாளால் வெட்டி, சுவருக்குக் குனிந்து விலகியே சட்டை நனைந்துவிடும். வெளியூரில் இருக்கும் அண்ணனுடன் நான் அப்படித்தான் ஆடுகிறேன், பேசிக்கொண்டே ஆடினால் நேரம் போவதே தெரியாது. தலை லேசாகக் கனத்ததுமே கருவியைக் கழற்றிவிடுங்கள், தயவுசெய்து தாக்குப்பிடிக்கப் பார்க்காதீர்கள். அப்புறம், சுற்றிலும் 2 மீட்டருக்கு 2 மீட்டராவது காலி இடம் வேண்டும். மின்விசிறியைக் கைக்கு எட்டாத தூரத்தில், முகத்தில் காற்றுப் படும்படி வையுங்கள்.