தியானத்தில் உட்கார்ந்தாலும் திட்டுதானே வருகிறது!

கேள்வி: மூன்று மாதமாக விடியற்காலையில் தியானம் செய்கிறேன். மனம் அடங்கும் என்றுதான் ஆரம்பித்தேன். கண்ணை மூடியதும் முந்தின நாள் செய்த தப்புகள் வரிசை கட்டி வருகின்றன. மகளிடம் கத்தியது, அலுவலகக் கூட்டத்தில் உளறியது, எல்லாம். 'நீ எதற்கும் லாயக்கில்லை' என்று உள்ளே ஒரு குரல். இரண்டு நாள் உட்காராமல் விட்டால் அதற்கும் திட்டு. 'உன்னை நீயே நேசி' என்கிறார்கள். அப்படித் தட்டிக்கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவேனோ என்று பயம். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: அந்தக் குரல் எனக்கும் பழக்கம், சகோதரி. முப்பது வயதுகளில், படுக்கும் முன் அன்றைய குற்றங்களை டைரியில் எழுதுவேன். ஆன்ம பரிசோதனை என்று அதற்குப் பெரிய பெயர் வேறு. ஒருநாள் எழுதாத பக்கத்தைத் தடவியபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. பேனாவை அவ்வளவு அழுத்தியிருக்கிறேன். முந்தின பக்கத்து எழுத்து அங்கே பள்ளமாகப் பதிந்திருந்தது. புரட்டினால் அதற்கடுத்த தாளிலும் இருக்கிறது! நாளைய பக்கத்திலும் இன்றைக்கே திட்டி வைத்திருக்கிறேன். உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். 'பொறுமை இல்லாதவன்', 'கோழை', 'போலி'. பக்கம் பக்கமாக இதுதான். 'அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும்' என்று ஒரு வரி கூட இல்லை.

அன்றைக்குத்தான் உறைத்தது, நான் மனசாட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தது மனசாட்சியே இல்லை என்று. மனசாட்சி, 'மகளிடம் கத்திவிட்டாய், போய்ப் பேசு' என்று சொல்லும். நீங்கள் போய்ப் பேசினால் அடங்கிவிடும். உங்களுக்குள் கேட்கும் குரல் அப்படி ஏதாவது வேலை சொல்கிறதா? சொல்லாவிட்டால் அதற்கு இவ்வளவு மரியாதை எதற்கு?

சோம்பேறித்தனத்துக்கு வருகிறேன். ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2012-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடினமான தேர்வில் சொதப்பிய மாணவர்களில் சிலரிடம், 'இது எல்லாருக்கும் நடப்பதுதான், உங்களை ரொம்பக் கடிந்துகொள்ளாதீர்கள்' என்ற விதமாகச் சொன்னார்கள். மறுதேர்வுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தவர்கள் இவர்கள்தான். திட்டினால்தான் வண்டி ஓடும் என்பது நாமாக நம்பிக்கொண்டது.

சரி, காலையில் என்ன செய்வது? மைத்ரி தியானம் செய்து பாருங்கள். ஒவ்வொருவராக நினைத்து, அவர் நலமாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டுவது. பாலி மொழியில் மெத்தா என்பார்கள். 5-ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் என்ற பௌத்த அறிஞர் இதை எழுதி வைத்தபோது, முதலில் தனக்கு நலம் வேண்டி, அப்புறம் மதிப்புக்குரியவர், பிரியமான நண்பர், நமக்கு வேண்டியவரும் வேண்டாதவரும் அல்லாத ஒருவர், கடைசியில் பகைவர் என்று வரிசை கொடுத்தார். நான் நன்றாக இருக்க ஆசைப்படுவது போலத்தானே மற்றவர்களும் என்பது அவர் கணக்கு. தன்னை நேசிப்பது எல்லாருக்கும் கை வந்த கலை என்று நினைத்துவிட்டார், பாவம்! நம்மைப் போன்றவர்களுக்கு முதல் படியே வழுக்கும். அதனால் இன்றைய ஆசிரியர்கள் பலர், யாரை நினைத்தால் மனம் இளகுமோ அவரிடம் தொடங்கச் சொல்கிறார்கள். நீங்கள் மகளிடம் தொடங்குங்கள். அவள் தூங்கும் முகத்தை நினைத்து, 'நீ நிம்மதியாக இரு' என்று மெதுவாகச் சொல்லுங்கள். நாலைந்து முறை ஆன பிறகு அவள் பக்கத்தில் நீங்களும் படுத்திருப்பதாக நினைத்து, 'நாம் நிம்மதியாக இருப்போம்'. 'நான்' என்பது வருகிறபோது வரட்டும். ஐந்து நிமிடம் போதும்.

நடுவில் குரல் வந்தால் வாதாடாதீர்கள், அது நம்மைவிடப் பெரிய வக்கீல். 'திட்டு வந்தது' என்று குறித்துக்கொண்டு மூச்சுக்குத் திரும்புங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் உட்காருங்கள், அவ்வளவுதான். விட்ட நாளுக்கு வட்டி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தவன் நான். கால் மரத்ததுதான் மிச்சம்.

தூக்கம் போய், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் மட்டும் தியானத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பக்தி என்றாலே தன்னைத் தாழ்த்திக்கொள்வதுதானே? மாணிக்கவாசகரே தன்னை நாய் என்கிறாரே?
– இன்னொரு வாசகர்

பதில்: என்கிறார். சிவபுராணத்தில் 'நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு' என்று சொன்ன வாய், மூச்சு விடாமல் 'தாயிற் சிறந்த தயாவான தத்துவனே' என்று போய்விடுகிறது. அவர் நாயிடம் நின்றது அரை வாக்கியம். நாம் அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிடுகிறோம். அடுத்த முறை படிக்கும்போது இரண்டாவது வரியில் கொஞ்சம் நேரம் நின்று பாருங்கள். எனக்கு அந்த இடத்தில் குரல் இறங்கிவிடும்.