ப்ளூ லகூன் பறவைகளுக்கு நன்கொடை: எந்த ரசீது செல்லும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். மறைந்த அவருடைய கணவர் ஞாயிறுதோறும் உம்கெனி ஆறு கடலில் கலக்கும் ப்ளூ லகூனுக்குப் போய்க் கூழைக்கடாக்களையும் நாரைகளையும் பார்த்து நிற்பவர். வருட நினைவு நாளுக்குள் அவர் பெயரில் 40,000 ராண்ட் ஈரநிலப் பறவைகளின் பாதுகாப்புக்குக் கொடுக்க எண்ணுகிறார். இந்த ஆண்டு ஓய்வூதிய நிதியிலிருந்து அவருக்கு ஒரு மொத்தத் தொகையும் வந்திருக்கிறது. கோயிலில் அறிமுகமான ஒருவர், பணத்தை ரொக்கமாகத் தம்மிடம் தந்தால் பத்து விழுக்காட்டைத் தமக்கு எடுத்துக்கொண்டு மீதியை ஓர் அமைப்பிடம் சேர்த்து வரி ரசீதும் வாங்கித் தருவதாகச் சொல்கிறாராம். அவரிடம் கொடுக்கலாமா என்பதே கேள்வி.

கொடுக்க வேண்டாம், அம்மா. அந்த மனிதர் நேர்மையானவராகவே இருந்தாலும், 40,000 ராண்டில் 4,000 அவரிடம் தங்கிவிட்டால் அமைப்புக்குப் போய்ச் சேருவது 36,000 மட்டுமே. ரசீதும் அந்தத் தொகைக்குத்தான் வரும். அவர் தம் பெயரில் பணத்தைக் கட்டினால் ரசீது அவர் பெயரில் எழுதப்படும், வரிக் கழிவும் அவருக்கே போகும். இத்தகைய ரசீதுகளை நம்பி வரிக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டு, பிறகு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்ததும் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் பலர். நன்கொடை பெறும் அமைப்பின் வங்கிக் கணக்கில் நீங்களே நேரடியாகப் பணத்தைச் செலுத்துங்கள், ரொக்கம் வேண்டாம்.

வருமான வரியில் கழிவு கிடைக்க வேண்டுமென்றால், அந்த அமைப்பு வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின் கீழ் சார்ஸ் (SARS) எனப்படும் தென்னாப்பிரிக்க வருவாய்த் துறையின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். இயற்கைச் சூழலையும் உயிரினங்களையும் பாதுகாக்கும் பணி இந்தப் பிரிவில் அடங்கும். சமய வழிபாட்டுப் பணி அடங்காது. ஆகவே கோயில் திருப்பணிக்குக் கொடுத்ததையும் இதே கணக்கில் எழுதலாம் என்று நம்மவர்கள் பலர் நினைப்பது தவறு.

ஏமாற்றுக்காரர்களுக்கு வசதியாக இருப்பது எண்களின் குழப்பம். சமூக மேம்பாட்டுத் துறை தரும் பதிவு எண் ஒன்று, நிறுவனங்களின் பதிவு எண் வேறொன்று, பொதுநல அமைப்பு என்று சார்ஸ் தரும் வரிவிலக்கு எண் மற்றொன்று. இந்த மூன்றையும் கடிதத்தாளின் தலைப்பில் வரிசையாக அச்சடித்திருக்கும் அமைப்புக்கும் 18ஏ அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம். ஒரு நல்ல காரியத்துக்குப் பணம் கொடுக்க வரும் முதியவர் மூன்று அலுவலகங்களின் எண்களைப் பிரித்தறியக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கும் இந்த ஏற்பாட்டை எத்தனை ஆண்டுகள்தான் இப்படியே வைத்திருப்பார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அங்கீகாரம் பெற்ற அமைப்புகளின் பட்டியல் சார்ஸ் இணையதளத்தில் இருக்கிறது. பணம் செலுத்துவதற்கு முன் உங்கள் பேரப்பிள்ளையைக் கொண்டாவது அதில் பார்த்துவிடுங்கள்.

ரசீதில் அது 18ஏ பிரிவுக்காகத் தரப்படுகிறது என்ற வாசகமும் அமைப்புக்குச் சார்ஸ் தந்த எண்ணும் இருக்க வேண்டும். 2023 மார்ச் 1 முதல் உங்கள் அடையாள எண், வரி எண், ரசீதுக்குரிய தனி எண் முதலியவையும் தேவை. விருந்துச் சீட்டு, குலுக்கல் சீட்டு, ஏலத்தில் எடுத்த படம் ஆகியவை நன்கொடை ஆகா. பூநாரையைத் தத்தெடுக்கலாம் என்று படம் போட்ட சான்றிதழைக் காட்டுகிறவர்களிடமும் முதலில் 18ஏ ரசீது உண்டா என்றே கேளுங்கள்.

இனி உங்கள் ஓய்வூதிய மொத்தத் தொகை. இதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள், எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன். ஓர் ஆண்டில் கழிவாகக் கோரக்கூடியது வரிக்குரிய வருமானத்தில் 10 விழுக்காடு வரை. ஆனால் இந்த 10 விழுக்காட்டைக் கணக்கிடும்போது ஓய்வூதிய நிதியிலிருந்து வந்த மொத்தத் தொகையைச் சேர்க்கக் கூடாது. மாத ஓய்வூதியத்தாலும் வட்டியாலும் உங்கள் வரிக்குரிய வருமானம் 2,50,000 ராண்ட் என்றும், மொத்தத் தொகை 6,00,000 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டி, 85,000 வரை இடமிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். உங்களுக்குரிய வரம்பு 25,000தான். ஆயினும் மீதி 15,000 வீணாகாது. அடுத்த ஆண்டு கொடுத்த நன்கொடையாகவே அது கருதப்படும், அந்த ஆண்டின் வரம்புக்குள் அப்போது கழித்துக்கொள்ளலாம். எனவே ரசீதைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைத்திருங்கள். வருமானம் வரி கட்ட வேண்டிய அளவுக்கு இல்லையென்றால் கழிவால் எந்தப் பயனுமில்லை. அப்போது ரசீதைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு, பணி நன்றாக நடக்கும் இடத்தைப் பார்த்துக் கொடுங்கள்.

அந்தப் பணி எப்படி நடக்கிறது என்பதையும் கேட்டறிய வேண்டும். நீர் வற்றும் வேளையில் ப்ளூ லகூன் கரையில் நின்றால், வளைமூக்கு உள்ளான்கள் ஈரச் சேற்றில் அலகைத் திரும்பத் திரும்பக் குத்திப் புழுக்களைத் தேடுவதைப் பார்க்கலாம். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு நம் கோடைக்கு இங்கே வருபவை அவை. பெருமழைக்குப் பிறகு அதே சேற்றின்மேல் நெகிழிப் புட்டிகளும் ஆகாயத்தாமரையும் வந்து படிகின்றன. குப்பையை அகற்றுவது, பீச்வுட் அலையாத்திக் காட்டைக் காப்பது, மேலிருந்து வரும் கழிவுநீரைத் தடுக்கக் குரல் கொடுப்பது ஆகியவற்றில் எதைச் செய்கிறீர்கள் என்று அமைப்பினரைக் கேளுங்கள். கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஏற்பாட்டில் 1992 முதல் ஆண்டுக்கு இருமுறை நடந்துவரும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் பங்கெடுக்கிறீர்களா என்றும் கேளுங்கள். பறவைகளை எண்ணுகிறவர்களுக்கு எண்ணிக்கை குறைவது முதலில் தெரியும்.

நினைவு நாளுக்குள் கொடுக்கலாம். ஆனால் இந்த ஆண்டின் கழிவு வேண்டுமானால், வரி ஆண்டு முடியும் பிப்ரவரி இறுதிக்குள் பணம் அமைப்பின் கணக்குக்குப் போயிருக்க வேண்டும். உம்கெனி முகத்துவாரத்துக்கே செலவிட வேண்டும் என்று முன்னதாகக் கடிதம் எழுதி, எழுத்தில் பதிலும் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே தங்களுக்குப் பணி இல்லை என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு வேறு அமைப்பைத் தேடுங்கள்.