கழுத்துக் கருப்பு அழுக்கல்ல

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. எடை 52 கிலோ, உயரம் 138 செ.மீ. பின்கழுத்து கருத்துக்கொண்டே வருகிறது. பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. “வளந்தா செரியாப் போயிருங் கண்ணு, பையனப் பட்டினி போட்றாத” என்கிறார் அவனுடைய அப்பத்தா. என்ன செய்யட்டும்? – ஒரு தாய், பெருந்துறை

பதில்: முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள் அம்மா. ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சொன்ன வேலையை உடம்பு கேட்காதபோது கணையம் அதை இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த மிகுதிதான் தோலைத் தடிக்கவைத்து, வெல்வெட் துணிபோலக் கருக்கச் செய்கிறது. அக்குளையும் பாருங்கள். எடை கட்டுக்குள் வந்தால் கருப்பும் மெல்ல மங்கும்.

அவனுடைய பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்கு) 27.3. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 10 வயதுப் பையனுக்கு 21.4-ஐத் தாண்டினாலே உடல்பருமன். பட்டினி கூடாது என்று அப்பத்தா சொல்வது சரி. தானாகச் சரியாகும் என்பதைத்தான் ஏற்க முடியாது. இப்படியே விட்டால் சர்க்கரை நோயும் கல்லீரல் கொழுப்பும் இளவயதிலேயே வந்து சேரலாம். உயரம் வயதுக்குச் சரியாக இருப்பதால் தைராய்டு காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

குழந்தை மருத்துவரிடம் காட்டி வெறும்வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), எஸ்ஜிபிடி (கல்லீரல் பரிசோதனை), ரத்தக் கொழுப்பு பாருங்கள். ரத்த அழுத்தம் பார்க்கும்போது கைப்பட்டை அவன் கைக்குப் பொருந்த வேண்டும். சிறிதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். தூக்கத்தில் குறட்டையும் நடுவே மூச்சு நிற்பதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

எடையை வேகமாகக் குறைக்க வேண்டாம், ஏறாமல் பிடித்தாலே பெரிய லாபம். ஒரு வருடத்தில் 6 செ.மீ. வளர்ந்து எடை 52-லேயே நின்றால் பி.எம்.ஐ. 25-க்கு இறங்கிவிடும்.

பாட்டில் ஜூஸை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். லேபிளைத் திருப்பிப் பாருங்கள்: பல மாம்பழ பானங்களில் 100 மி.லி.க்கு 13 கிராம் அளவுக்குச் சர்க்கரை. 200 மி.லி. குடித்தாலே ஒரு நாள் உச்சவரம்பான 25 கிராம் தாண்டிவிடும். பள்ளி விட்டதும் பேக்கரி பப்ஸுக்குப் பதில் அவித்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, ஒரு கொய்யா. அரிசிம்பருப்பு சாதத்தை விலக்க வேண்டாம். ஒரு ஸ்பூன் நெய் போதும், தட்டில் பாதி அவரைப் பொரியலோ கீரையோ இருக்கட்டும். மறுசோறு கேட்டால் 15 நிமிடம் கழித்து. ராகிக் களி என்றாலும் அளவு உண்டு.

அவனுக்கு மட்டும் தனிச்சமையல் செய்யாதீர்கள். அப்பாவும் அதையே சாப்பிடட்டும். “குண்டா” என்று யாரும், மாமன் முறையானாலும், கூப்பிட விடாதீர்கள். வெட்கத்தில் ஒளித்துத் தின்னும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. தினம் ஒரு மணிநேரம் வேர்க்க விளையாட்டு, 9 மணிநேரத்துக்குக் குறையாத தூக்கம்.

முழங்கால் வலி என்று நொண்டினால் மட்டும் தைலம் தேய்த்துக் காத்திருக்காதீர்கள். பருமனான பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை நழுவியிருக்கலாம். வலி முழங்காலில் தெரியும். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு அன்றைக்கே இடுப்புக்கு எக்ஸ்ரே எடுங்கள்.