வீட்டிலிருந்து வேலை செய்யும்போது வீடியோ கூட்டத்தில் நம் குரல் மட்டும் ஏன் அறுந்து அறுந்து போகிறது?

2020 மார்ச் ஊரடங்கோடு அலுவலகக் கூட்டங்கள் வீட்டுக்குள் வந்தன. அதுவரை நாம் இணையத்திலிருந்து எடுத்துத்தான் பழகியிருந்தோம். கூட்டத்தில் நம் முகத்தையும் குரலையும் அனுப்பவும் வேண்டும். அந்த அனுப்பும் வேகம்தான் அப்லோட்.

4ஜியில் அது பொதுவாகக் குறைவு. சிக்னல் கோபுரம் பெரிய சக்தியில் பேசும், வீட்டிலுள்ள 4ஜி ரவுட்டர் சின்னச் சக்தியில்தான் பதில் சொல்லும். தோட்டத்து ரோட்டில் வெறும் லொறி சுலபமாக இறங்கிவிடும், கொழுந்து மூட்டையோடு ஏறும்போதுதான் திணறும், அதுபோல. ஹட்டன், நுவரெலியா பக்கம் நடுவில் ஒரு மலை மறித்தாலே போதும். தகரக் கூரையும் சிக்னலைத் தடுக்கும். மூடுபனியைக் குறை சொல்வார்கள், பாவம், அதன் பங்கு மிகச் சொற்பம்.

ரவுட்டரை கோபுரம் இருக்கும் பக்க ஜன்னலில் வையுங்கள். அதன் அமைப்புப் பக்கத்தில் சிக்னலின் பலத்தைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி (RSRP) என்ற எண்ணைப் பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். −90க்கு அருகில் வந்தால் நல்லது. −110ஐ விடக் கீழே போனால் வெளி ஆன்டெனா தேவைப்படும், அதைச் செருக ரவுட்டரில் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவசரத்துக்கு கேமராவை அணையுங்கள்: குரலுக்கு மட்டும் வினாடிக்கு 100 கிலோபிட் அளவே போதும், தெளிவான வீடியோவுக்கு அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் வேண்டும். கரண்ட் போகும் வீட்டில் ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் நல்லது. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டுக்குப் பொருந்துவதாக வாங்குங்கள்.

பெரிய டேட்டா பேக்கேஜ் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஜிபி கூடினால் அதிக நேரம் பாவிக்கலாம், அனுப்பும் வேகம் கூடாது.