குமிழைத் திருகினால் ஓட வேண்டும்: பழைய ட்ரான்ஸ்ஃபார்மருக்கு எந்த மாடல் ரயில் எஞ்சின்?

கேள்வி: மதுரை திருநகரில் இருக்கிறேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1990-களில் மச்சான் லண்டனில் இருந்து கொண்டுவந்த மாடல் ரயில் செட் பரணில் கிடந்தது. பேரனுக்காக இறக்கினேன். தண்டவாளமும், குமிழைத் திருகி வேகத்தைக் கூட்டும் ட்ரான்ஸ்ஃபார்மரும் நன்றாக இருக்கின்றன. ஒயர் இற்றுப்போயிருந்ததால் எலக்ட்ரீசியனை வைத்து மாற்றினேன். அப்புறம் எஞ்சின் உறுமியதே தவிர நகரவில்லை; கருகல் வாடை வந்தது. புது எஞ்சின் வாங்கலாம் என்றால், வெளிநாட்டுச் சாமான் வரவழைத்துத் தரும் ஒருவர், ‘இப்போது எல்லாமே டிஜிட்டல், ட்ரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிப்போடுங்கள்’ என்கிறார். நியூஜெர்சியில் இருக்கும் மகள் லயனல் செட் வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்கிறாள். செல்போன் ஆப் எல்லாம் எனக்கு வேண்டாம். என்ன வாங்கலாம்?

பதில்: ட்ரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிப்போடாதீர்கள் சார். தூக்கிப்போடச் சொன்னவரிடம் விற்பதற்கு வேறொரு பெட்டி இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் குமிழில் ஓடும் எஞ்சின்கள் இன்றும் புதிதாக வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஆனால் எஞ்சினுக்கு முன்னால் அந்தக் கருகல் வாடையைப் பார்த்துவிடுவோம். இல்லாவிட்டால் புதிதாக வாங்குவதும் அதே கதிக்குப் போகும். இந்த மாதிரி ட்ரான்ஸ்ஃபார்மர்களின் பின்பக்கம் பெரும்பாலும் இரண்டு ஜோடி முனைகள் இருக்கும். ஒன்று 12 வோல்ட் டிசி. குமிழுக்குக் கட்டுப்படுவது இதுதான். மற்றது 16 வோல்ட் ஏசி; குமிழுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, விளக்கு எரிக்கவும் பாதை மாற்றும் பாயின்ட்டை இழுக்கவும் வைத்தது. ஒயர் மாற்றியவர் தண்டவாளத்தை ஏசி முனையில் கொடுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். டிசி மோட்டாருக்கு ஏசி கொடுத்தால் நொடிக்கு 50 முறை முன்னால் போ, பின்னால் போ என்று இழுபடும். எங்கும் போகாது, உறுமும், காயில் சூடாகும். குமிழைத் திருகியும் உறுமல் கூடவில்லை, குறையவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம்.

சோதிப்பது சுலபம். தண்டவாளத்தில் எஞ்சின் எதுவும் இல்லாமல், மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, இரண்டு தண்டவாளத்திலும் முனைகளைத் தொடுங்கள். குமிழைத் திருகத் திருக பூஜ்யத்தில் இருந்து பன்னிரண்டுக்கு ஏற வேண்டும். பாரம் இல்லாததால் இரண்டு மூன்று வோல்ட் கூடுதலாகக் காட்டலாம், பரவாயில்லை. திசை மாற்றும் சுவிட்சைத் தட்டினால் மீட்டரில் மைனஸ் குறி வர வேண்டும். இதெல்லாம் சரியாக வந்தால் உங்கள் பெட்டி தேறிவிட்டது. லண்டன் பெட்டி என்பதால் நம் ஊர் 230 வோல்ட்டுக்கு ஒத்துப்போகும்; ப்ளக்கை மட்டும் மாற்றினால் போதும். மோட்டார் கருகிய பழைய எஞ்சினை டவுன் ஹால் ரோடு பக்கம் காயில் கட்டித் தருவார்களா என்று அலைய வேண்டாம். அவ்வளவு சின்ன மோட்டாரில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

சரி, புது எஞ்சின். உங்கள் முறையில் தண்டவாளத்தில் எத்தனை வோல்ட்டோ அத்தனை வேகம், ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி. ப்ளஸ் மைனஸ் மாறினால் திசை மாறும். டிஜிட்டல் முறையான டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். ஓடு, நில் என்ற உத்தரவும் அதன் வழியாகவே போகும். எஞ்சினுக்குள் இருக்கும் டீகோடர் என்ற சின்ன சர்க்யூட் அதைப் புரிந்துகொண்டு மோட்டாரை ஓட்டும்.

இப்போது எஞ்சின் வரும் அட்டைப்பெட்டியின் மேல் போட்டிருப்பதைக் கவனியுங்கள். ‘டிசிசி ரெடி’ என்று போட்டிருந்தால் அது டிஜிட்டல் எஞ்சின் அல்ல. பிற்காலத்தில் டீகோடர் மாட்ட வசதியாக உள்ளே ஒரு காலி சாக்கெட் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும்தான் பொருள். அப்படியே எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தால் உங்கள் குமிழுக்கு ஓடும். நீங்கள் வாங்க வேண்டியது இதைத்தான். இல்லையென்றால், வெறும் ‘டிசி’ அல்லது ‘அனலாக்’ என்று போட்டது.

இங்கேதான் தரகர்களின் கைவரிசை. அந்தக் காலி சாக்கெட்டில் தொழிற்சாலையிலேயே ஒரு சின்ன டம்மி ப்ளக் செருகி அனுப்புவார்கள். மின்சாரத்தை நேராக மோட்டாருக்குக் கொண்டுபோவது அதுதான். அதைப் பிடுங்கிவிட்டால் எஞ்சின் அசையாது. ‘பார்த்தீர்களா, சிப் போட்டால்தான் ஓடும்’ என்று டீகோடரைத் தலையில் கட்டுவார்கள். அப்புறம் அதை ஓட்ட டிஜிட்டல் கன்ட்ரோலர். எஞ்சின் கேட்டு வந்தவர் மூன்று சாமானுக்குப் பணம் கட்டிவிட்டுப் போவார். டம்மி ப்ளக் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அது என்ன என்று திருப்பிக் கேட்பவரிடம் வாங்காதீர்கள்.

‘டிசிசி ஃபிட்டட்’, ‘சவுண்ட் ஃபிட்டட்’ என்று போட்டவற்றை விட்டுவிடுங்கள். டீகோடர் உள்ளே இருந்தாலும் சாதாரண டிசியில் ஓடுமே என்று யாராவது சொல்வார்கள். சொல்வது பொய் இல்லை. பெரும்பாலான டீகோடர்கள் தண்டவாளத்தில் வெறும் டிசி இருந்தால் கண்டுகொண்டு அதற்கேற்ப மோட்டாரை ஓட்டும். எப்படி ஓட்டும் என்பதுதான் கேள்வி. அந்த சர்க்யூட் விழித்துக்கொள்ளவே ஐந்தாறு வோல்ட் வேண்டும். குமிழைப் பாதி வரை திருகியும் எஞ்சின் சும்மா நிற்கும். பிறகு திடுமென்று பாயும். ஸ்டேஷனில் இருந்து மெல்ல நகர்ந்து கிளம்பும் அழகு போய்விடும், ரயில்வேக்காரரான உங்களுக்கு அதுதான் வேண்டும். சத்தம் போடும் எஞ்சின் என்றால் சத்தத்துக்கு வேறு மின்சாரம் வேண்டும், ஓடுவதற்குக் குமிழில் கொஞ்ச இடம்தான் மிஞ்சும். இன்னொரு வம்பும் உண்டு. டிசியில் ஓடுவதை அனுமதிக்கும் அமைப்பு டீகோடருக்குள் ஓர் எண்ணாகப் பதிவாகியிருக்கும், 29-வது அமைப்பு என்பார்கள். முன்பு வைத்திருந்தவர் அதை அணைத்திருந்தால் எஞ்சின் உங்கள் வீட்டில் அசையவே அசையாது. திரும்பப் போட டிஜிட்டல் கன்ட்ரோலர்தான் வேண்டும், எதை வேண்டாம் என்றீர்களோ அதுவே. பழைய ட்ரான்ஸ்ஃபார்மர்கள் சிலவற்றில் ‘ஹாஃப் வேவ்’ என்று, மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும் ஒரு சுவிட்ச் இருக்கும். டீகோடர் உள்ள எஞ்சினோ, கோர்லெஸ் மோட்டார் (நடுவில் இரும்பு இல்லாத மோட்டார்) எஞ்சினோ ஓடும்போது அதைத் தொடவே கூடாது, மோட்டார் சூடாகும்.

அளவு விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 16.5 மில்லிமீட்டர் இருந்தால் ஹெச்ஓ, ஓஓ என்ற இரண்டு மாடல் அளவுகளும் ஓடும். லண்டன் செட் ஓஓவாக இருக்கும்; அமெரிக்க ஹெச்ஓ எஞ்சின் அதன் பெட்டிகளுக்கு முன்னால் கொஞ்சம் சின்னதாகத் தெரியும், கொக்கியும் பொருந்தாது. கொக்கி மாற்றிக்கொள்ளலாம். முக்கியமாக வளைவைப் பாருங்கள். அந்தக் கால செட்களில் 371 மில்லிமீட்டர் ஆரமுள்ள இறுக்கமான வளைவு உண்டு. பெரிய நீராவி எஞ்சின்களுக்கு 438 ஆவது வேண்டும். ஆறு சக்கரத்துச் சின்ன டேங்க் எஞ்சினோ நான்கு அச்சு டீசலோ வாங்கினால் கவலை இல்லை.

மகளிடம் லயனல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நல்ல கம்பெனிதான், 1900-இல் இருந்து இருக்கிறது. ஆனால் அவர்களுடைய புகழ்பெற்ற ஓ கேஜ் ரயில் மூன்று தண்டவாளத்தில், ஏசியில் ஓடுவது; அகலம் ஏறக்குறைய 32 மில்லிமீட்டர். உங்கள் தண்டவாளத்தில் உட்காரவே உட்காராது. அதற்குப் பதிலாக பாக்மன் மாதிரி கம்பெனியின் ஹெச்ஓ எஞ்சின் ஒன்றை, டிசி என்று போட்டதை, தனியாக வாங்கச் சொல்லுங்கள். செட்டாக வாங்கினால் அங்கத்திய 120 வோல்ட் பவர் பேக் சேர்ந்து வரும். பிளக் முனையை மட்டும் மாற்றி அதை நம் சுவரில் செருகினால் கருகிவிடும். எஞ்சினுக்கு அந்தப் பிரச்சினை இல்லை; அதற்குத் தெரிந்தது தண்டவாளத்தில் வரும் 12 வோல்ட் மட்டும்தான்.

மகள் ஊருக்கு வரும்போது கையோடு கொண்டுவந்தால் நல்லது, பார்சல் வேண்டாம். மாடல் ரயிலையும் பொம்மையையும் சுங்கத்தில் ஒரே தலைப்பின் கீழ் வைத்திருக்கிறார்கள். பொம்மைக்கு 20 சதவீதமாக இருந்த சுங்க வரி 2020-இல் 60 ஆனது, 2023-இல் 70. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பாற்ற என்கிறார்கள். சரி, காப்பாற்றட்டும், ஹெச்ஓ எஞ்சினை இங்கே எந்தப் பொம்மைத் தொழிற்சாலை செய்து தரப்போகிறது? 2021 ஜனவரியில் இருந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அந்த ஆணை 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் சாமானுக்கு. ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் தனக்கு வாங்கும் எஞ்சின் அதில் வருமா வராதா என்பதை பார்சல் பிரிக்கும் மேசையில் இருப்பவர் முடிவு செய்வார், அதுவரை உங்கள் எஞ்சின் கிடங்கில் கிடக்கும். இந்தக் குழப்பத்தில்தான் ‘நான் எடுத்துத் தருகிறேன்’ என்கிற ஆட்கள் பிழைக்கிறார்கள்.

பழையதாக இங்கேயே கிடைத்தால் முதலில் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். வயிற்றின் நடுவே நீளமான உலோகச் சறுக்குப் பட்டை இருந்தால் அது மார்க்ளின் என்ற ஜெர்மன் கம்பெனியின் வகை, ஏசியில் ஓடுவது, உங்கள் தண்டவாளத்தில் வைத்தால் ஷார்ட் ஆகும். பட்டை இல்லையென்றால் 9 வோல்ட் பேட்டரியில் இரண்டு துண்டு ஒயர் மாட்டி, இடப்பக்கச் சக்கரம் ஒன்றிலும் வலப்பக்கச் சக்கரம் ஒன்றிலும் தொடுங்கள். சக்கரம் சுழல வேண்டும். ஒயரை மாற்றித் தொட்டால் எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.